ஜீப் ஷெட்டுக் குளிர்

குன்னூரில் மலை ரயில் பாதைக்கு மேலே, டிரைவர் லைன் என்று பெயர் விழுந்துவிட்ட ஆறு வீடுகளில் முதல் வீட்டுத் தில்லைநாயகி, ஐப்பசி மாதத்தில் ஒரு திங்கட்கிழமை பகல் பதினொரு மணிக்குத் தன் வீட்டுக் குளிரை வெளியே அனுப்பினாள், அது நேராகப் பக்கத்து வீட்டுக்குப் போய் உட்கார்ந்துகொண்டது, அந்த வருஷம் அந்த லைனில் நடந்ததெல்லாம் அதற்குப் பிறகுதான் நடந்தது.

அந்த ஆறு வீட்டையும் ஒரு காலத்தில் ஒரு லாரிக் கம்பெனி தன் டிரைவர்களுக்காகக் கட்டியது, முதல் வீட்டோடு ஒட்டி கம்பெனி ஜீப்பை நிறுத்த ஒரு ஷெட்டும் போட்டது. பிறகு கம்பெனி போனது, ஜீப் போனது, எண்ணெய்க் கறை படிந்த சிமெண்டுத் தரையும் அந்தத் தரைக்கு அடியில் குடியிருந்த குளிரும் மட்டும் போகவில்லை. ஷெட்டுக்குள் காலை வைத்தால் போதும், குளிர் பாதத்தில் ஏறி, கணுக்காலில் கொஞ்சம் நின்று, முழங்காலுக்கு வந்து சம்மணம் போட்டு உட்காரும். தில்லைநாயகிக்குக் கல்யாணமாகி அந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அதைத் தெரியும். கேஸ் சிலிண்டரும் உடைந்த நாற்காலியும் இருக்கிற இடத்தில் அதுவும் இருந்துவிட்டுப் போகட்டும் என்று இருபத்தேழு வருஷம் விட்டிருந்தாள்.

இப்போது விட முடியாது. மகள் மேகலாவுக்கு கார்த்திகையில் ஏழாம் மாதம் பிறக்கிறது. தலைப்பிரசவம் அம்மா வீட்டில். ஆனால் வீட்டில் இருப்பது ஒரு கூடம், ஒரு படுக்கையறை, அந்தப் படுக்கையறையில் தேயிலைப் பாக்டரி வேன் ஓட்டுகிற ஆறுச்சாமியின் குறட்டை. மிச்சம் இருப்பது ஷெட்டுதான். அதற்கு ஜன்னல் வைத்து, கதவு வைத்து, சுண்ணாம்படித்து ரூமாக்கியாகிவிட்டது. தரை மட்டும் பாக்கி என்று இருந்தபோது கரூரிலிருந்து சம்பந்தி ரத்தினாம்பாள் போன் செய்தாள்.

"ஏனுங் சம்பந்தி, தப்பா நினைச்சுக்காதீங்க. புள்ளைய அனுப்பறதுல எங்களுக்கு ஒண்ணுமில்லீங்க. ஆனா மார்கழியும் தையும் உங்க ஊர்ல. பச்சப் புள்ள பொறக்கற எடம். நானே வந்து, மேகலா படுக்கற தரையில என் காலை வெச்சுப் பார்ப்பேன். காலு ஒத்துக்கிச்சுன்னா அனுப்பறேன். ஒத்துக்கலைன்னா பிரசவம் கரூர்லதானுங்க."

போனை வைத்ததும் தில்லைநாயகி கவலைப்பட ஆரம்பித்தாள். அவள் கவலைப்படுவதில் ஒரு ஒழுங்கு உண்டு. முதலில் தரை, பிறகு சம்பந்தியின் கால், பிறகு கரூரில் பிரசவமானால் தான் எத்தனை நாள் அங்கே போய் எந்த முகத்தோடு உட்கார்ந்திருப்பது, அப்போது ஆறுச்சாமிக்கு யார் சோறாக்குவது, அவர் தானே சோறாக்கி கேஸைத் திறந்து விட்டுவிட்டால் என்ன ஆவது, இப்படிப் படிப்படியாக இறங்கி, கடைசியில் வீடே எரிந்து முடிந்த இடத்தில் நின்று மறுபடியும் தரைக்கு வருவாள். ஆறுச்சாமி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "பார்த்துக்கலாம்" என்றார். இருபத்தேழு வருஷமாக அவர் அந்த ஒரு வார்த்தையிலேயே குடும்பம் நடத்துகிறார்.

தரை வேலைக்கு லூர்துசாமி வந்தான். மேட்டுப்பாளையத்தில் உருளைக்கிழங்கு குடோன்களுக்குக் குளிர் ரூம் கட்டிக் கை தேர்ந்தவன்.

"அக்கா, குளிரை வெளிய விடாம அடைக்கிறதுதான் நம்ம தொழில். இங்க அதைத் திருப்பிப் போடணும், அவ்வளவுதான்."

"திருப்பிப் போடறதுன்னா?"

"அங்க குளிர் உள்ள. இங்க குளிர் வெளிய. தெர்மாகோலுக்கு ரெண்டும் ஒண்ணுதான்."

ரெண்டும் ஒண்ணுதான் என்ற அந்தச் சொல்லை வைத்துக்கொண்டு தில்லைநாயகி இரண்டு நாள் சாப்பிடாமல் யோசித்தாள்.

லூர்துசாமி முதலில் ஒரு முழச் சதுரம் பாலிதீனை வெறும் தரையில் விரித்து நாலு ஓரமும் டேப் ஒட்டி, இரண்டு நாள் கழித்துத் தூக்கிப் பார்த்தான். அடியில் முத்து முத்தாகத் தண்ணீர். "தரை வேர்க்குது அக்கா, உள்ள ஆள் இருக்கு" என்றான். கறையைச் சோடா உப்புப் போட்டுத் தேய்த்தான், விரிசல்களைக் கீறிப் பெரிதாக்கிச் சிமெண்டு வைத்து அடைத்தான், ஈரம் ஏறாத பூச்சை இரண்டு கை பூசினான், அது காய்வதற்கு ஐப்பசி மழையில் ஆறு நாள் ஆனது, அந்த ஆறு நாளும் தில்லைநாயகி மணிக்கொரு தரம் விரலை வைத்துப் பார்த்ததில் பூச்சு முழுக்க அவள் விரல் தடமாக இருந்தது. அதற்கு மேல் கனத்த பாலிதீனை விரித்துச் சுவரில் ஒரு சாண் ஏற்றி மடித்தான். அதற்கு மேல் இரண்டு அங்குலக் கெட்டி தெர்மாகோலை, செங்கல் வரிசை மாதிரி இணைப்பு ஒன்றின் மேல் ஒன்று வராமல் மாற்றி மாற்றி அடுக்கி, ஒவ்வொரு இணைப்புக்கும் டேப் போட்டான். அதற்கு மேல் பிளைவுட். சுவரோரம் அரை விரல் இடம் விட்டான். ஏன் என்று அவள் பதறியபோது, "மழைக்கு ஊதும் அக்கா, அதுக்கும் மூச்சு விட இடம் வேணும்ல" என்றான். எல்லாவற்றுக்கும் மேலே தேக்கு மரம் போலவே வரி ஓடுகிற வினைல் விரிப்பு. கதவோரத்தில் ஒரு மூலையை மட்டும் கடைசி வரை ஒட்டாமல் வைத்திருந்தான். "போறதுக்கு வழி விட்டுட்டு அடைக்கணும். இல்லைன்னா உள்ளேயே கிடந்து உதைக்கும்."

திங்கட்கிழமை பதினொரு மணிக்கு அந்த மூலை வழியாகக் குளிர் எழுந்து வந்தது. கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை. தில்லைநாயகி கையிலிருந்த டீயின் ஆவி சட்டென்று படுத்தது, பழைய டயரும் டீசலும் கலந்த வாசம் அடித்தது, கதவுத் திரை ஒரு ஆள் கடந்து போகிற அளவுக்கு ஒதுங்கித் திரும்பியது. லூர்துசாமி மூலையை அழுத்தி ஒட்டினான். "போயிடுச்சு அக்கா" என்றான், கரண்டு வந்துவிட்டது என்று சொல்கிற மாதிரி. "டீ ஆறிப் போச்சு, வேற இருக்கா?"

தரையில் கால் வைத்துப் பார்த்தாள். வெதுவெதுவென்று, இப்போதுதான் யாரோ படுத்து எழுந்த பாய் மாதிரி இருந்தது. கவலைப்பட எதுவுமில்லாமல் அவள் சரியாகக் கால் மணி நேரம் நின்றாள். அதற்குள் இரண்டாம் வீட்டு அல்போன்சா டீச்சர், தலைக்குச் சால்வை சுற்றிக்கொண்டு, உறைந்துபோன தேங்காய் எண்ணெய்ப் பாட்டிலைச் சாட்சிக்குக் கையில் பிடித்துக்கொண்டு வந்துவிட்டார்.

"தில்லை, உங்க குளிர் எங்க அடுப்படியில இருக்கு."

"எங்க குளிருன்னு எப்படிச் சொல்றீங்க டீச்சர்? ஊரே குளிருது."

"ஊர்க் குளிர் ஜன்னல் வழியா வரும், யூகலிப்டஸ் வாசம் அடிக்கும். இது தரை வழியா ஏறி வந்திருக்கு, டீசல் நாறுது. எங்க வீட்டுல யாரு ஜீப் வெச்சிருந்தா?"

குளிர் வீடு மாறுமா என்று அந்த லைனில் யாரும் கேட்கவில்லை. வாடகைக்கு இருக்கிறவர்களே வீடு மாறும்போது குளிர் மாறினால் என்ன. சொல்லிக்கொள்ளாமல் அனுப்பியது மரியாதையா என்பதுதான் கேள்வி.

டீச்சர் மரியாதையை எதிர்பார்த்துக்கொண்டிருக்கவில்லை. நாற்பது வருஷத்துப் பரீட்சைப் பேப்பர்களைக் கட்டுக்கட்டாகப் பரப்பி அதற்கு மேல் பாயைப் போட்டார். மூன்றாம் வகுப்பு கணக்குப் பேப்பர்களைத் தாண்ட முடியாமல் குளிர் மூன்றாம் வீட்டுக்குப் போனது. மூன்றாம் வீட்டில் எலெக்ஷன் முடிந்த ஃப்ளெக்ஸ் பேனர்களை விரித்தார்கள், முகங்கள் கீழ்ப் பக்கம் இருக்கும்படி, ஏனென்றால் அத்தனை பேர் கும்பிட்டுக்கொண்டிருக்கும்போது மேலே மிதித்து நடப்பது சங்கடமாக இருந்தது. நாலாம் வீட்டில் தேயிலைக் கழிவு மூட்டைகள். ஐந்தாம் வீட்டில் நாலு தலைமுறை ஸ்வெட்டர்களும் குல்லாய்களும். ஆறாம் வீட்டில் தனியாக இருந்த ரிட்டயர்டு வாட்ச்மேன் போஜனிடம் விரிக்க எதுவுமில்லை. குளிர் அங்கே தங்கிவிட்டது. ஒன்பதாம் நாள் மூன்று கம்பளியைப் போர்த்திக்கொண்டு அவர் பொதுக் குழாயடிக்கு வந்தார்.

"என் வீட்டுக்கு அப்புறம் வீடு கிடையாது, பள்ளம்தான். அது பள்ளத்துல இறங்க மாட்டேங்குது. நானும் நல்லபடியாச் சொல்லிப் பார்த்தேன்."

"என்ன சொன்னீங்க?"

"முதல் வீட்டுக்கே போயிடுன்னு."

எல்லோரும் தில்லைநாயகியைப் பார்த்தார்கள். அது திரும்பினால் சம்பந்தியின் கால் ஒத்துக்கொள்ளாது, மகள் வரமாட்டாள். குடத்தின் விளிம்பைத் தடவிக்கொண்டு நின்றாள். அப்போது டீச்சர்தான் வழி சொன்னார். மாரியம்மன் கோயில் திருவிழாவில் ஒவ்வொரு நாளும் ஒவ்வொருவர் மண்டகப்படி எடுக்கிறார்களே, அதே மாதிரி ஆறு வீடும் ஆறு நாள் முறை எடுத்தால் யாருக்கும் பாரமில்லை, ஞாயிற்றுக்கிழமை குழாயடித் தண்ணீர்த் தொட்டியில் இருக்கட்டும். சீட்டுக் குலுக்கினார்கள். தில்லைநாயகிக்குப் புதன்கிழமை, டீச்சருக்கு வியாழன், போஜனுக்குச் சனி. லூர்துசாமி யாரோ வீட்டுச் சமையல் மேடை வேலையில் மிஞ்சிய ஒரு கடப்பாக் கல்லைக் கொண்டுவந்து கொடுத்தான். சாயங்காலம் ஆறு மணிக்கு அதைத் தரையில் வைத்தால் அரை மணியில் குளிர் கல்லில் ஏறும், கல்லில் பனி முத்துக்கட்டும், சாக்கில் சுற்றி இரண்டு பேர் தூக்கிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போகலாம்.

இரண்டு வாரத்தில் அது அப்படியே பழகிவிட்டது. குளிர் இருக்கிற வீட்டில் தோசை மாவு பொங்காது என்பதால் மறுநாள் முறை வீட்டுக்காரர்கள் பொங்கின மாவு கொடுத்தனுப்பினார்கள். லைனில் மீன் வாங்கியவர்கள், "இன்னிக்கு யார் வீட்டுல?" என்று கேட்டுக் கொண்டுபோய் வைத்தார்கள். டீச்சர் வியாழக்கிழமைகளில் சிவப்பு ஜெல்லி செய்து ஆறு வீட்டுக்கும் கொடுத்தார், அதுவரை அவர் வீட்டு ஜெல்லி ஒரு நாளும் இறுகியதில்லை. ஐந்தாம் வீட்டுப் புருஷனும் பெண்டாட்டியும் மூன்று வருஷமாகப் பேசாமல் இருந்தவர்கள், தங்கள் முறை வந்தபோது இருந்த ஒரே கம்பளியைப் பற்றியாவது பேச வேண்டியதாயிற்று. போஜன் வெள்ளிக்கிழமை சாயங்காலமே வீட்டைக் கூட்டி, வாசலில் தண்ணீர் தெளித்து வைத்தார். யாருக்கு என்று கேட்டால், "சும்மாதான்" என்றார்.

தில்லைநாயகி மட்டும் புதன்கிழமைகளில் கல்லை அடுப்படியில் வைத்து, ஷெட்டு ரூம் கதவைச் சாத்தி, கதவடியில் துணி திணித்து, நாளை எண்ணிக்கொண்டிருந்தாள். கார்த்திகை பிறந்ததும் ரத்தினாம்பாள் போன் செய்தாள்.

"நல்ல நாள் பார்த்தாச்சுங்க. தரையப் பார்க்க வர்றோம். வர்ற புதன்கிழமை."

"புதனா? வியாழக்கிழமை வரலாமே சம்பந்தி..."

"வியாழன் தேய்பிறை ஆரம்பமுங்க."

டீச்சரிடம் ஓடினாள். முறையை மாற்றிக்கொள்ளச் சொல்லிக் கேட்டாள்.

"முந்தின நாளே வாங்கிக்கிட்டா எனக்கு ரெண்டு நாள் சேர்ந்தாப்ல வரும், என் முட்டி தாங்காது தில்லை. அதுவும் போக, மண்டகப்படியை யாராவது மாத்துவாங்களா? சாமி கோவிச்சுக்கும்."

"அது சாமியா டீச்சர்? ஜீப் ஷெட்டுக் குளிர்."

"முறைன்னு வந்துட்டா எல்லாம் சாமிதான்."

மூன்றாம் வீட்டில் கீழே படுத்திருந்த மாமனாருக்கு ஜுரம், நாலாம் வீட்டில் கல்யாணத்துக்குப் போகிறார்கள், ஐந்தாம் வீட்டில் இப்போதுதான் பேசிக்கொள்கிறார்கள், கெடுக்க வேண்டாம். போஜன் ஒத்துக்கொண்டிருப்பார், ஆனால் அவர் கோத்தகிரிப் பக்கம் ஒரு விசேஷத்துக்குப் போய், வீடு பூட்டிக் கிடந்தது.

புதன்கிழமை காலையில் அதைவிட மோசமானது நடந்தது. அடுப்படியில் கல் காய்ந்து கிடந்தது. குளிர் அங்கே இல்லை. கதவடித் துணியைத் தாண்டி, தன் பழைய இடத்தைத் தேடிக்கொண்டு ஷெட்டு ரூமுக்குள் போயிருந்தது. தரைக்கு அடியில் இறங்கப் பார்த்து, முடியாமல், வினைல் மேலேயே பூனை மாதிரிப் படுத்துக்கொண்டிருந்தது. தில்லைநாயகி காலை வைத்துவிட்டு வெடுக்கென்று எடுத்தாள். லூர்துசாமிக்குப் போன் போட்டாள்.

"வெளிய அனுப்பு லூர்து. இன்னும் மூணு மணி நேரத்துல சம்பந்தி வந்துடுவாங்க."

"அது எப்படிக்கா போகும்? கீழ ரெண்டு அங்குலம் அடைச்சிருக்கேன். இப்ப அது குளிர் ரூம். நான் கட்டினதுல இதுவரைக்கும் ஒரு ரூம்லகூட குளிர் வெளிய போனதில்ல."

"இதுல பெருமை வேறயா உனக்கு?"

"சாயங்காலம் ஆறு மணிக்குக் கல்லு வைங்க. அதுக்கு முன்னாடி ஏறாது. நேரம் பழகிடுச்சு அதுக்கு."

ஆறுச்சாமி எட்டிப் பார்த்தார். "பார்த்துக்கலாம்" என்றார்.

"எதைப் பார்த்துக்குவீங்க? எதை?" என்று தில்லைநாயகி கத்தியது ஆறு வீட்டுக்கும் கேட்டது. பிறகு கரிச்சட்டியில் நெருப்பு வைத்தாள், வெந்நீர்ப் பையை உருட்டினாள், இஸ்திரிப் பெட்டியைத் துணி போட்டுத் தரை மேல் ஓட்டினாள், ஓட்டின இடம் இரண்டு நொடி வெதுவெதுத்துவிட்டு மறுபடி ஜில்லிட்டது.

பதினொன்றரைக்குக் கார் வந்தது. மருமகன் கார்வேந்தன் கொண்டை ஊசி வளைவுகளை எண்ணிக்கொண்டே ஓட்டி வந்து, எண்ணிக்கை முடிந்ததும் வேலியோரம் போய் வாந்தியெடுத்தான். ரத்தினாம்பாள் மூன்று ஸ்வெட்டர், ஒரு சால்வை, குரங்குக் குல்லாய், அதற்கு மேல் பூ வைத்துக்கொண்டு இறங்கினாள். ஆள் இருந்த வீட்டு ஜன்னல்களெல்லாம் திறந்திருந்தன.

"வாங்க சம்பந்தி, முதல்ல காபி குடிங்க. கூடத்துல உட்காருங்க. களைப்பா இருப்பீங்க."

"காபி கெடக்கட்டுமுங்க. ரூமு எங்க?"

"சாக்ஸ் போட்டுக்குங்க சம்பந்தி, புதுசு, உங்களுக்குன்னே வாங்கி..."

"சாக்ஸப் போட்டுக்கிட்டா காலு என்னத்தச் சொல்லும்?"

செருப்பைக் கழற்றி விட்டு ரத்தினாம்பாள் உள்ளே போனாள். தேக்கு வரி போட்ட தரையில் வலது காலை வைத்தாள். அப்படியே நின்றாள். இடது காலை வைத்தாள். அப்புறம் இரண்டு கையாலும் புடவையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு, ரூமுக்கு நடுவில் போய் நின்று கண்ணை மூடிக்கொண்டாள். தில்லைநாயகி கதவைப் பிடித்துக்கொண்டு, கரூர் ஆஸ்பத்திரி வராந்தாவில் விருந்தாளி மாதிரி உட்கார்ந்திருக்கிற தன்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு நிமிஷம் ஆயிற்று. இரண்டு நிமிஷம் ஆயிற்று. ரத்தினாம்பாள் குரங்குக் குல்லாயைக் கழற்றினாள்.

"இந்தத் தரை எப்பவும் இப்படித்தானுங்களா?"

தில்லைநாயகிக்குப் பொய் சொல்ல வராது, சொன்னால் அதைப் பற்றி வருஷக் கணக்கில் கவலைப்பட வேண்டியிருக்கும். "இல்ல சம்பந்தி. இன்னிக்கு எங்க முறை" என்று ஆரம்பித்து, பாலிதீன், தெர்மாகோல், கணக்குப் பேப்பர், மண்டகப்படி, கடப்பாக் கல் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள். ரத்தினாம்பாள் எதற்கும் ஆச்சரியப்படவில்லை. தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுவிட்டு, தரையிலேயே காலை நீட்டி உட்கார்ந்தாள்.

"என் பாதம் ரெண்டும் பதினோரு வருஷமா எரியுதுங்க சம்பந்தி. சர்க்கரைன்னாங்க, நரம்புன்னாங்க. மருதாணி வெச்சேன், வெங்காயம் தேச்சேன், அண்டாவுல தண்ணி ஊத்தி அதுக்குள்ள காலை விட்டுக்கிட்டுத்தான் டிவி பார்ப்பேன். கரூரு வெயில்ல தரையே தோசைக்கல்லு. இப்பத்தானுங்க, இந்த நிமிஷம்தான், எனக்குக் காலு இருக்கறதே தெரியல."

ரத்தினாம்பாள் தரையைத் தட்டிக் கொடுத்தாள், மாட்டைத் தட்டிப் பார்த்து விலை பேசுகிறவள் மாதிரி.

"இது காருல வருமுங்களா?"

"எது?"

"இதுதானுங்க. கல்லுல ஏறுதுன்னீங்க. கல்லு காருல ஏறுமில்ல? புள்ளைய நான் அனுப்பறேன். இதை நீங்க எனக்குக் குடுத்துடுங்க. இது போயிட்டா உங்க ரூமும் சூடாயிருமில்லீங்க?"

அன்றைக்கு முழுக்க முதல் தடவையாகத் தில்லைநாயகிக்கு மூச்சு வந்தது. வந்த மூச்சு பாதியில் நின்றது. "அது இப்ப எங்களுது மட்டும் இல்ல சம்பந்தி. ஆறு வீட்டுக்கும் பொது."

"அப்ப ஆறு வீட்டையும் கூப்பிடுங்க."

கூப்பிட வேண்டியிருக்கவில்லை, எல்லோரும் வாசலில்தான் நின்றார்கள். தில்லைநாயகி விஷயத்தைச் சொன்னாள். பிறகு அல்போன்சா டீச்சர் தொண்டையைச் செருமினார்.

"நாளைக்கு வியாழக்கிழமை. ஜெல்லி பவுடர் வாங்கி வெச்சுட்டேன்."

"எங்க மாமனார் ஜுரத்துக்கு நெத்திய வெச்சுப் படுக்க அந்தக் கல்லைத்தான் கேக்குறார்" என்றாள் மூன்றாம் வீட்டுப் பெண். ஐந்தாம் வீட்டுப் புருஷனும் பெண்டாட்டியும் ஒருவரை ஒருவர் பார்த்துவிட்டு, "குடுக்க வேண்டாம்" என்று சேர்ந்து சொன்னார்கள். மூன்று வருஷத்தில் அவர்கள் ஒரே குரலில் சொன்ன முதல் விஷயம் அது.

"வெளியூருக்கு அனுப்பினா அது என்ன மரியாதை?" என்றார் டீச்சர். "நம்ம லைன்லயே இருந்த குளிர். அங்க வெயில்ல அதுக்கு ஒண்ணு ஆச்சுன்னா யாரு பொறுப்பு?"

தில்லைநாயகி கூட்டத்தில் பேசினவளில்லை. ஏழாம் வகுப்போடு நின்றவள், டீச்சர் முன்னால் வாயைத் திறந்தால் வாக்கியத்தில் தப்பு வந்துவிடும் என்று பயப்படுகிறவள். இப்போது தப்பு வந்தாலும் பரவாயில்லை என்று தோன்றியது.

"டீச்சர், வந்த அன்னிக்கு 'உங்க குளிர்'னு சொல்லி எண்ணெய்ப் பாட்டிலைக் காட்டினீங்க. இன்னிக்கு நம்ம குளிரா? சரி, நம்மதுன்னே வெச்சுக்குங்க. நம்ம வீட்டுப் பொண்ணுக்குத்தான கேக்குறேன். நீங்கதான அவளுக்கு அ ஆ சொல்லிக் குடுத்தீங்க? எனக்குச் சுத்தி வளைச்சுப் பேசத் தெரியல. எம்பொண்ணு வீட்டுக்கு வரணும். வந்து எம்பக்கத்துல படுக்கணும். அவ்வளவுதான் எனக்கு."

டீச்சர் சால்வை நுனியைத் திருகினார். அப்போது மத்தியான பஸ்ஸில் இறங்கிய போஜன், விசேஷ வீட்டுச் சோற்றுப் பொட்டலத்தோடு படியேறி வந்தார். அவருக்கும் சொன்னார்கள். எல்லோரையும்விட அதிகமாக அந்தக் குளிரைத் திட்டினவர் அவர்தான். மனுஷன் உடனே சரி என்பார் என்று தில்லைநாயகி நினைத்தாள். அவர் பொட்டலத்தை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினார்.

"சனிக்கிழமை என் முறை" என்றார். கொஞ்சம் பொறுத்து, "அன்னிக்கு ஒரு நாள் வீட்டுல யாரோ இருக்கிற மாதிரி இருக்கும்" என்றார்.

யாரும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. ரத்தினாம்பாள்கூடத் தன் காலைப் பார்த்துக்கொண்டாள்.

"பொண்ணு வரட்டும்மா" என்றார் போஜன். "கூட்டிட்டுப் போங்க அதை. சனிக்கிழமை நான் இங்க வந்து உட்கார்றேன், ஒரு டம்ளர் டீ குடுங்க."

டீச்சரும் மற்றவர்களும் தலையாட்டினார்கள். ஆனால் வெறுங்கையோடு அனுப்புவது சரியில்லை என்று டீச்சர் சொன்னார். அதனால் ஆறு மணிக்குக் குளிர் கல்லில் ஏறியதும், கல்லுக்கு மஞ்சள் பூசிப் பொட்டு வைத்து, ஆறு வீட்டிலிருந்தும் ஆறு தட்டு வந்தது. ஒன்றில் வெற்றிலை பாக்கு, ஒன்றில் கேரட், ஒன்றில் தேயிலை, ஒன்றில் வர்க்கி, ஒன்றில் சாமந்திப்பூ, ஒன்றில் டீச்சரின் ஜெல்லி பவுடர் பாக்கெட் பிரிக்காமல். ஆறுச்சாமியும் வேலை முடிந்து வந்த லூர்துசாமியும் கல்லைத் தூக்கிக் காரின் பின் சீட்டுக்குக் கீழே வைத்தார்கள். ரத்தினாம்பாள் ஏறி உட்கார்ந்து இரண்டு பாதத்தையும் அதன் மேல் வைத்துக்கொண்டு, ஸ்வெட்டர்களை ஒவ்வொன்றாகக் கழற்றி மகன் மேல் போர்த்தினாள், ஏனென்றால் கார்வேந்தனுக்குப் பல் கிட்டிக்கொண்டிருந்தது. கார் கண்ணாடி முழுக்க உள்பக்கமாக ஆவி படிந்து, உள்ளே இருப்பவர்கள் தெரியாமல், மூடிய பல்லக்கு மாதிரி அது வளைவில் இறங்கிப் போனது. ஐந்தாம் வீட்டுப் பெண் கையசைத்தாள். அல்போன்சா டீச்சர், "போய்ச் சேர்ந்ததும் போன் பண்ணச் சொல்லு" என்றார்.

போன் வந்தது. கரூரில் சம்பந்தியின் தெருவும், குளிர் ஊர் மாறுமா என்று கேட்கவில்லை. ரத்தினாம்பாள் வீட்டு நடு ஹாலில் கல்லைப் போட்டதும் அக்கம்பக்கத்தில் பாதம் எரிகிறவர்கள், நின்றுகொண்டே தறி ஓட்டுகிறவர்கள், கல்யாண மண்டபச் சமையல்காரர்கள் எல்லோரும் சாயங்காலத்தில் வந்து சுற்றி உட்கார்ந்து, வட்டமாகக் காலை நீட்டிக்கொண்டு, மெகா சீரியல் பார்த்தார்கள். எதிர்வீட்டுக்காரி மட்டும், டீசல் வாசம் எங்கிருந்து வருகிறது என்று கேட்டாளாம்.

கார்த்திகைக் கடைசி முகூர்த்தத்தில் கரூரில் வளைகாப்பு முடிந்து, இரண்டு கையிலும் முழங்கை வரை வளையலோடு மேகலா குன்னூர் வந்து இறங்கினாள். ஆறு வீடும் அவளைக் கூட்டிக்கொண்டு ஷெட்டு ரூமைக் காட்டியது. வெதுவெது என்று தரை, தேக்கு வரி, மூலையில் கட்டில், ஜன்னலுக்குப் புதுத் திரை. "நல்லா இருக்கும்மா" என்றாள் மேகலா. தில்லைநாயகி அன்று படுத்த உடனே தூங்கிவிட்டதைப் பார்த்து, உடம்புக்கு ஏதாவது ஆகிவிட்டதோ என்று ஆறுச்சாமி எழுந்து உட்கார்ந்து கவலைப்பட்டார்.

மூன்றாம் நாள் மத்தியானம், குழாயடியில் துணி அலசிவிட்டு வந்த தில்லைநாயகி, ஷெட்டு ரூமில் மகளைக் காணாமல் தேடினாள். கட்டிலில் இல்லை. கூடத்தில் இல்லை. அடுப்படியில், தெர்மாகோல் போடாத, பாலிதீன் விரிக்காத, வெறும் சிமெண்டுத் தரையில், ஒரு தலையணையை மட்டும் வைத்துக்கொண்டு மேகலா ஒருக்களித்துப் படுத்திருந்தாள். நெற்றியிலும் கழுத்திலும் வேர்வை.

"ஐயோ, ஏண்டி இங்க படுத்திருக்க? எந்திரி, எந்திரி. உனக்காக எப்படி எப்படியெல்லாம் தரை போட்டு வெச்சிருக்கேன்!"

"அந்த ரூம் அவிக்குதும்மா."

"அவிக்குதா?"

"உள்ள ஒரு ஆளை வெச்சுக்கிட்டு இருக்கேன்ல, உடம்பே கொதிக்குது. அத்தை வீட்டுல மட்டும் இப்ப தரை எப்படி ஜில்லுன்னு இருக்கு தெரியுமா? கிளம்பி வர மனசே இல்ல எனக்கு."

தில்லைநாயகி ஈரப் புடவையோடு நின்றாள். அவள் மனசுக்குள் கவலைகள் வழக்கம்போல வரிசையில் வந்து நின்றன. வெறும் தரை, ஜன்னி, சம்பந்திக்குத் தெரிந்தால், மறுபடி கல்லை வரவழைத்தால், கல்லைக் கொடுக்கக் கரூர்த் தெரு ஒத்துக்கொள்ளாவிட்டால். முதல் கவலையை எடுக்கப் போனாள். அதற்குள் மேகலா, "அம்மா, இங்க வையேன், உதைக்குது" என்று அவள் கையைப் பிடித்து இழுத்தாள். இழுத்த இழுப்பில் அவளும் தரையில் உட்கார்ந்தாள், பிறகு உட்கார்ந்தபடி இருக்க முதுகு கேட்காததால் மெல்லச் சாய்ந்து, வளையல் கை பக்கத்தில் தலையை வைத்துப் படுத்தாள். உள்ளே இருந்த ஆள் ஒரு தடவை உதைத்தது. இன்னொரு தடவை உதைத்தது. அடுப்பில் உலை கொதித்து மூடி ஆடிக்கொண்டிருந்தது.

"நீ ஏம்மா படுக்குற? வெறும் தரை, உனக்குக் குளிரும்ல."

"குளிரட்டும்" என்றாள் தில்லைநாயகி.